பூபூவை வரையும்போதும் கதை சொல்லும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், கடையம் வட்டாரத்தில் பாலர் பள்ளிச் சுவர்களில் படம் வரைவது என் தொழில். பிரைமர் காயும்வரை சும்மா இருக்காமல் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தேன். இப்போது சில பள்ளிகளில் கதைக்கென்றே தனியாகக் கூப்பிடுகிறார்கள். சுவருக்கும் சரி, கதைக்கும் சரி, நான் அதிகம் எடுத்துக்கொள்வது யோகி கரடியையும் அவன் கூடவே வரும் குட்டிக் கரடி பூபூவையும்தான். 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபிறகு கேபிள் டிவியில் நான் பார்த்துப் பார்த்துப் பழகிய ஜோடி அது. இத்தனை வருஷத்தில் பூபூவை மற்றவர்கள் எங்கெங்கே தப்பாக வரைகிறார்கள், தப்பாகச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டேன். அதில் பெரிய தப்பு ஒன்றை நானே செய்தேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் பெயர். சுவரில் ‘பூபூ’ என்று எழுதினால் நம் பிள்ளைகள் பூப்பறிக்கிற பூவாகத்தான் வாசிப்பார்கள். எழுத்தில் வித்தியாசம் காட்ட வழியில்லை, அதனால் வாயால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். “பூனையில் வருகிற பூ இல்லை, பூதத்தில் வருகிற பூ” என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். யோகி என்ற பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. அகத்தியர் பெயரில் அருவியே இருக்கிற ஊரில் யோகி என்றால் சாமியார்தான் மனசுக்கு வரும். ஒரு பள்ளியில் பெரியவர் ஒருவர், கரடி சம்மணம் போட்டுத் தியானத்தில் இருக்கிற மாதிரி வரையச் சொன்னார். அந்தக் கரடி தவம் செய்கிறவன் இல்லை ஐயா, பூங்காவுக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் என்று விளக்கினேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் யோகி பெர்ரா என்று புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் இருந்தார். அங்கே அந்தப் பெயரைக் கேட்டால் அவர்தான் நினைவுக்கு வருவார்.

அடுத்தது கழுத்து டை. பூபூவின் உடம்பில் துணி என்று இருப்பது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சின்ன ‘போ’ டை மட்டும்தான். யோகிக்குத் தொப்பி, காலர், பச்சை டை எல்லாம் உண்டு. கரடிக்கு எதற்கு டை என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் நம்மூர்ப் பிள்ளை மாதிரி இருக்கட்டும் என்று சட்டை போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. அந்த டை அழகுக்காக மட்டும் வந்ததில்லை.

யோகியையும் பூபூவையும் உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அதற்கு முன்னால் ‘டாம் அண்ட் ஜெர்ரி’யைத் திரையரங்குகளுக்காகச் செய்தபோது கையில் பணமும் நேரமும் இருந்தன. வால் நுனிவரைக்கும் ஒவ்வொரு அசைவையும் புதிதாக வரைய முடிந்தது. 1957-இல் அவர்கள் வேலை பார்த்த ஸ்டூடியோவின் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டார்கள். இருவரும் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அங்கே கிடைத்த பணம் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உடம்பை ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளில் வரைவது, தலையை இன்னொரு தாளில் வரைவது, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம் பிடிப்பது. பேசும்போது உடம்பு அப்படியே நிற்கும், தலையும் வாயும் மட்டும் மாறும். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒட்டு தெரியக்கூடாது அல்லவா? அதை மறைக்கத்தான் காலரும் டையும். யோகிக்கும் பூபூவுக்கும் மட்டுமில்லை, அவர்கள் உருவாக்கிய பல விலங்குகளின் கழுத்தில் ஏதாவது ஒன்று கட்டியிருக்கும்.

இது வரைகிறவருக்கு எதற்கு என்றால், பூபூவுக்குக் கழுத்து என்று ஒன்றை யாரும் யோசித்து வரையவில்லை. டையை எடுத்துவிட்டால் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் என்ன வரைவது என்று முழிக்க வேண்டியதுதான். பல சுவர்களில் பூபூ எலி மாதிரியோ குரங்கு மாதிரியோ தெரிவதற்கு இதுதான் காரணம். டையை முதலில் வரையுங்கள். அதற்கு மேலே தலை, கீழே உடம்பு. கட்டம் போட்டுப் பெரிதாக்கும்போதும் அந்த டையையே நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டால் அளவு தப்பாது. உயரம் யோகிக்குப் பாதியை ஒட்டி இருந்தால் போதும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. நம் மலையில் இருக்கிற கரடி கறுப்பு. சடை முடி, வெளுத்த மூஞ்சி, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. அதைப் பார்த்த பழக்கத்தில் பூபூவுக்கும் சிலர் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். பூபூ பழுப்புக் கரடி. அந்த இனம் நம் தமிழ்நாட்டுக் காட்டில் கிடையாது.

இனி குரல். இதில்தான் கதை சொல்கிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சின்னக் கரடி என்றதும் குரலைக் கீச்சென்று ஏற்றி மழலை பேசுகிறார்கள். மூலத்தில் பூபூவுக்குக் குரல் கொடுத்தவர் டான் மெசிக். மூக்கு லேசாக அடைத்த மாதிரி, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல், பைய பையப் பேசுவார். யோகிக்கு டாஸ் பட்லர். அவர் குரல் உருண்டு புரண்டு குதிக்கும். ஒருவர் குதிக்கும்போது மற்றவர் நிதானமாக இருப்பதில்தான் அந்த ஜோடியின் சுவை. இரண்டு பேரும் கத்தினால் வெறும் சந்தை இரைச்சல்.

இன்னொன்று தெரிந்தபோது எனக்கு அந்தப் பாத்திரத்தின்மேல் பிரியம் கூடிப்போனது. யோகியைத் துரத்துகிற காட்டு அதிகாரி ரேஞ்சர் ஸ்மித்துக்கும் அதே டான் மெசிக்தான் குரல். ‘வேண்டாம், ரேஞ்சருக்குப் பிடிக்காது’ என்று முன்னால் எச்சரிக்கிறதும், பிறகு வந்து ஏசுகிறதும் ஒரே தொண்டை! கதை சொல்லும்போது இதை நானும் பயன்படுத்துகிறேன். பூபூவுக்கு வைக்கிற நிதானத்தைக் கொஞ்சம் கனமாக்கினால் ரேஞ்சர் வந்துவிடுவார். யோகிக்கு மட்டும் தனிக் குரல் வைத்துக்கொண்டால் போதும்.

முறை வைத்துக் கூப்பிடுவதிலும் யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பூபூ அவனை யோகி என்று பெயர் சொல்லித்தான் அழைப்பான். நம் பக்கம் சின்னவன் பெரியவனைப் பேர் சொன்னால் பிள்ளைகளுக்கே உறுத்தும். நான் “யோகி அண்ணே, வேண்டாம்ணே, ரேஞ்சர் பாத்தா ஏசுவாரு” என்றுதான் சொல்வேன். யோகி பதிலுக்கு “ஏலே பூபூ, நீ சும்மா வாலே” என்பான். அப்படிச் சொன்னதும் பிள்ளைகள் இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் பூபூவை யோகியின் மகன் என்றே நினைக்கிறார்கள். மகனும் இல்லை, தம்பியும் இல்லை, கூட்டாளி. கடைக்காரரை அண்ணாச்சி என்கிறோமே, அவர் நமக்குச் சொந்தமா? அதுபோலத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இது முக்கியம். மகனாக இருந்தால் அப்பாவின் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். பூபூவுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. போகாமல் இருக்கலாம், ஆனாலும் போகிறான்.

அதனால்தான் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. பயந்தவன் ஓடிவிடுவான், அல்லது ரேஞ்சரிடம் போட்டுக்கொடுப்பான். பூபூ இரண்டும் செய்வதில்லை. இது சரியில்லை என்று யோகியின் முகத்துக்கு நேராகச் சொல்வான். சொல்லிவிட்டுக் கூடவே நிற்பான். அப்படி ஒரு கூட்டாளி கிடைப்பது லேசா?

நம் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவார்கள். ராமாயணக் கதை கம்பீரமாக நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் வந்து சிரிக்க வைப்பது அவர்கள் வேலை. நாயகன் நிதானமானவன், கூட வருகிறவன் கோமாளி என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. அந்தப் பழக்கத்தில் பூபூவின் வாயிலும் ஜோக்கைத் திணிக்கிறார்கள், வழுக்கி விழ வைக்கிறார்கள். யோகி கதையில் அந்த ஏற்பாடு தலைகீழ். கோமாளி நாயகன்தான், புத்தி கூட இருக்கிறவனிடம் இருக்கிறது. பூபூவைச் சிரிப்புக் காட்ட வைத்தால் கதையில் புத்தி சொல்ல ஆளே இருக்காது.

சரி, இப்போது என் தவறு.

யோகியும் பூபூவும் இருப்பது ஜெல்லிஸ்டோன் என்ற பூங்காவில். பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று நான் அதை எங்கள் பக்கத்து முண்டந்துறைக் காட்டுக்கு மாற்றினேன். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் குடில் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். யோகி பின்னாலிருந்து வந்து புளிசாதத் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவசரத்தில் பூபூ சொல்கிற ‘வேண்டாம்ணே’வை விட்டுவிட்டேன். அவன் இல்லாமலே கதை வேகமாக ஓடியது, அதனால் நன்றாக வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுவாரம் அந்தப் பள்ளிக்குப் போனபோது மலையடிவாரத்துப் பையன் ஒருவனின் ஆச்சி வாசலில் காத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் வாழையிலை விரித்து, பேரன் பலாச்சுளை வைத்திருந்தானாம். கேட்டதற்கு, “பூபூ வரும், அதுக்குத்தான்” என்றானாம். ஆச்சி என்னை ஏசவில்லை. “எங்க பக்கம் நெசமாவே வரும்யா” என்று மட்டும் சொன்னார்.

நெசமாகவே வரும். களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அந்தக் காட்டின் கரடிகள் பழத்துக்கும் கரையானுக்கும் அலைந்து ராத்திரியில் அடிவாரத் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. 2022-இல் கடையம் பக்கம் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயம் அடைந்தது இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நம் கரடி திடீரென்று ஆளைக் கண்டால் விலகிப் போவதைவிட மேலே பாய்வதே அதிகம். குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும், குட்டி இரண்டு வருஷத்துக்கு மேலும் தாயை விட்டுப் பிரியாது. பூபூ மாதிரி ஒரு குட்டி வேலியோரம் வந்தால் பக்கத்தில் யோகி இருக்க மாட்டான், அதன் தாய்தான் இருக்கும்.

அந்தக் கதை பிறந்த இடத்திலேயே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். ஜெல்லிஸ்டோன் என்பது 1872-இல் ஏற்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பெயரை விளையாட்டாக மாற்றி வைத்தது. யோகி 1958-இல் டிவியில் வந்த காலத்தில் அந்தப் பூங்காவின் சாலையோரங்களில் கரடிகள் காரை மறித்து நிற்கும், சுற்றுலா வந்தவர்கள் கையால் ஊட்டுவார்கள். 1931 முதல் 1969 வரை வருஷத்துக்குச் சராசரியாக 48 பேர் கரடியால் காயம்பட்டிருக்கிறார்கள். 1970-இல்தான் குப்பைமேடுகளை மூடி, தீனி போடுவதைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள். அதற்கப்புறம் காயம்படுகிறவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ரேஞ்சருக்குப் பிடிக்காது என்று பூபூ ஒவ்வொரு கதையிலும் சொன்னானே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அதனால் காட்டோரத்துப் பள்ளிகளில் கதை சொல்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஜெல்லிஸ்டோனை ஜெல்லிஸ்டோனிலேயே விடுங்கள். தூரத்து ஊர், டிவியில் வருகிற கரடி, டை கட்டிய கரடி. நம் மலைக் கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அது தனிக் கதை, தனி நாளில் சொல்லுங்கள். நேரம் போதவில்லை என்று எதை வெட்டினாலும் பூபூவின் அந்த ஒரு வரியை வெட்டாதீர்கள்.

அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாய்க்கரடி குட்டியை முதுகில் சுமப்பதைத் தாளில் வரைந்து காட்டினேன். “அப்போ பூபூவோட அம்மா எங்க இருக்கும்?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டிவிக் கரடிக்கு அம்மாவைக் காட்டவில்லை, நம் காட்டுக் குட்டிக்கு அம்மா கூடவே இருக்கும், அதனால்தான் அது இருக்கிற பக்கம் போகக்கூடாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

அப்புறம் சுவருக்குப் போனேன். நான் முதலில் வரைந்திருந்ததில் யோகி, பூபூ இருவர் கையும் கூடைக்குள் இருந்தன, இருவரும் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூபூவின் கை இருந்த இடத்தில் வெள்ளை அடித்து, காய்ந்ததும் கையைக் கூடைக்கு வெளியே எடுத்து வயிற்றோடு சேர்த்து வைத்தேன். வாயைச் சின்னதாக்கினேன். கருவிழி இரண்டையும் மேல்நோக்கி, யோகியின் முகத்தைப் பார்க்கிற மாதிரி நகர்த்தினேன். அரைமணி நேர வேலைதான்.