லினக்ஸ் நிறுவும் கூடுகையா? பென்டிரைவைச் செருகுவதற்கு முன்

புதிதாக வருபவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுக்க உட்காரும்போது, முதலில் கேட்க வேண்டியது எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை) வேண்டும் என்பதல்ல, கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் அன்றைக்கு லைவ் பென்டிரைவில், அதாவது எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே, ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் கெஞ்சினாலும் சரி.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது வட்டைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு பூட்டப்பட்டிருக்கும். நாம் செக்யூர் பூட்டில் (நம்பகமான மென்பொருளை மட்டும் கணினியைத் தொடங்க விடும் அமைப்பு) கை வைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் கடவுச்சொல் நினைவிருக்க வேண்டுமே! அதனால் எண்ணை முன்பே எடுத்துக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸும் வேண்டும் என்பவர்களுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸ் முழுதாக மூடாமல் வேகமாகத் தொடங்கும் வசதி) அணைத்துவிட்டு, லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி எடுப்பது நல்லது.

லைவ் முறையில் வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் சோதியுங்கள். வைஃபை வராவிட்டால் ஃபோனை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் செய்தால், அதாவது ஃபோனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தால் போதும், டிரைவரை இறக்கிவிடலாம். பலர் வருவார்கள் என்றால் ஒரே பென்டிரைவில் வென்டாய் (பல நிறுவல் கோப்புகளை ஒரே பென்டிரைவிலிருந்து தொடங்க உதவும் மென்பொருள்) போட்டு நாலைந்து ஐ.எஸ்.ஓ. கோப்புகளை (லினக்ஸின் நிறுவல் கோப்புகள்) வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றின் செக்சம்மையும் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) வீட்டிலேயே சரிபார்த்துவிட்டு.

அப்புறம், விசைப்பலகையை நீங்கள் தொடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவரே அழுத்தட்டும், 'வட்டை முழுதாக அழி' என்ற தேர்வு வரும் திரையில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்.