பர்னிச்சர் கடை இன்சூரன்ஸில் குடோனையும் சேர்த்தீர்களா?

பர்னிச்சர் கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது பலர் கடை முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, பின்தெரு குடோனில் கிடக்கும் கட்டில், பீரோ, சோபாவை விட்டுவிடுகிறார்கள். பாலிசியில் இல்லாத இடம் எரிந்தால் பணம் வாங்குவது பெரும்பாடு.

ஓர் இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடிக்குள் என்றால், 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியைக் கேளுங்கள். தீயோடு வெள்ளமும் அதில் அடங்கும், பிளைவுட் ஒருமுறை ஊறினால் அவ்வளவுதானே. பூட்டை உடைத்துத் திருடினால்? அதற்குத் தனியாக பர்க்லரி பாலிசி வேண்டும்.

அப்புறம், பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க 40 லட்ச ரூபாய் சரக்கை 20 லட்சம் என்று காட்டாதீர்கள், பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால், 10 லட்சம் நஷ்டமானால் கணக்குப்படி நஷ்டத்திலும் பாதியாக கைக்கு வருவது 5 லட்சம்தான். தீபாவளிக்குச் சரக்கு ஏற்றும் முன்பே பாலிசித் தொகையை உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.