இழப்பைக் கதையாக்கும்போது செய்யக்கூடாதவை

புதிதாக எழுதுகிறவர்கள் கதைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள், படித்துக் கருத்துச் சொல்கிறேன். அவற்றில் பல, எழுதியவர் நிஜமாகவே இழந்த ஒருவரைப் பற்றியவை. எழுத்துப்பிழை, வாக்கிய நீளம் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நான் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குறிப்பு எழுதாமல் நேராகக் கதைக்குள் போவது

என்னால் இன்னும் ஆறவே முடியாத தவறு இது. அப்பா இறந்த நான்காம் மாதம் அவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். கடைசி நாளில் அவர் பேசியது துண்டு துண்டாகத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார், என்னைச் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதைக்கு இது போதாது என்று நினைத்து, "விளக்கை அணைச்சிடாதே, இன்னும் கொஞ்சம் படிக்கணும்" என்று ஒரு வரியை அவர் வாயில் வைத்தேன். ஆறேழு தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து, அன்றைக்கு ஊரில் இல்லாத அக்கா, "அப்பா கடைசியா உன்கிட்ட என்னடா சொன்னார்?" என்று கேட்டாள். சட்டென்று எனக்குள் வந்தது அந்த விளக்கு வரிதான், அதுவும் அப்பாவின் குரலிலேயே. அது நான் எழுதியது என்று எனக்கே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே சொன்ன கண்ணாடியும் ஜன்னலும்கூட அம்மா பிறகு எடுத்துக் கொடுத்தவை. அவள் அறையில் இல்லாத நேரத்தில் அப்பா என்னிடம் சொன்னது எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

பிரெடெரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1932ல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எழுதச் சொன்னார். பழக்கமில்லாதது உதிர்ந்தது, மீதி அவரவருக்குப் பழகிய மாதிரி மாறிக்கொண்டே போனது. யாரோ சொன்ன கதைக்கே இப்படி என்றால், உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதிய சொந்த நினைவுக்குக் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் ஒரு நோட்டு. தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். யார் எங்கே நின்றார்கள், என்ன வாசனை அடித்தது, சொன்ன சொல் அதே கொச்சையோடு. சரியாகத் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதை மூடி வைத்துவிட்டு அப்புறம் கதையைத் தொடங்குங்கள். கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், நோட்டில் கூடாது.

சமீபத்தில் ஒரு பெண் தன் தம்பியைப் பற்றிய கதையோடு வந்தார். நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் மனசுல இருக்கு சார்" என்றார். கதையைப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்து, முதலில் அதை எழுதிவிட்டு வாருங்கள் என்றேன். கடுமையாகத் தோன்றியிருக்கும். பரவாயில்லை.

பாத்திரத்தை அழவிடுவது

புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர் அழுததாக ஒரு சொல்கூட இல்லை. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. ஐந்தே அடிகள்! நிலவு அப்படியே இருப்பதுதான் நம்மை அறுக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவும் 1892ல் ஓர் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், படிப்பவரை இரங்க வைக்க வேண்டுமானால் நீங்கள் சற்று விலகி நில்லுங்கள் என்ற பொருளில்தான் சொன்னார்.

"உண்மையிலேயே இப்படித்தான் நடந்தது"

கதையில் ஓர் இடம் நம்பும்படி இல்லை என்றால் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். வாசகருக்கு அது உதவாது.

துக்கத்தின் ஐந்து நிலைகளை வைத்துக் கதை கட்டுவது

மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் அந்த வரிசையை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969ல் எழுதினார். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது அது. இழந்தவருக்குத் துக்கம் வரிசையாக வருவதில்லை.

இறந்தவரைத் தெய்வமாக்குவது

அவருடைய கோபத்தையும் எழுதுங்கள்.

வீட்டாருக்குக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பது

என் கதையை அம்மா பத்திரிகையில்தான் முதன்முதலாகப் படித்தாள். முடித்ததும் இதழை மடித்து வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு விளக்கு எரிஞ்சா தூக்கமே வராதே" என்றாள்.