இன்டர்நேஷனல் எஜுகேஷன் மாஸ்டர்ஸ்: சேருவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இன்டர்நேஷனல் எஜுகேஷன் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு மூன்று இடத்தில் கிடைத்துவிட்டது, எதில் சேரட்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடித்ததும் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள்? பாதிப் பேரிடம் பதில் இருக்காது. முதல் தவறு அதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

ஏனென்றால் இந்தத் தலைப்பில் வரும் படிப்புகள் எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. ஒரு வகை, பல்கலைக்கழகம் தன் மாணவர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஸ்டடி அப்ராட் அலுவலகத்துக்கோ வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ ஆள் தயார் செய்கிறது. பரிமாற்றத் திட்டம் அமைப்பது, விசா விதிகள், பட்ஜெட், வெளிநாட்டில் மாணவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று நடைமுறையாகப் போகும். இரண்டாவது வகை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் இருப்பது, பல நாடுகளின் கல்வியை ஒப்பிட்டு ஆராயும் ஒப்பீட்டுக் கல்வி பக்கம் சாய்ந்தது: கல்விக் கொள்கை, வளரும் நாடுகள், ஆய்வு முறை, புள்ளியியல். யுனெஸ்கோ, உலக வங்கி, தொண்டு நிறுவனங்கள் என்று கனவு காண்பவர்களுக்கு அது பொருந்தும். சர்வதேசப் பள்ளியில் ஐபி பாடத்திட்டம் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம், ஆசிரியர் லைசென்ஸ்தான் வேண்டும். கொள்கை ஆய்வாளராக ஆசைப்பட்டு முதல் வகையில் சேர்ந்தவர் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறை தெரியாமல் நேர்காணலில் விழிப்பார். ஸ்டடி அப்ராட் ஆலோசகராக ஆசைப்பட்டு இரண்டாவதில் சேர்ந்தவர் தேவைக்கு இரண்டு மடங்கு கட்டியிருப்பார்.

படிப்பின் இணையப் பக்கத்தில் சிரிக்கும் மாணவர் படங்களை விடுங்கள். இந்தத் துறையினரின் அமெரிக்கச் சங்கமான நாஃப்ஸாவின் வேலைப் பட்டியலைத் திறந்து பத்து விளம்பரங்களை வரி வரியாகப் படியுங்கள். ஆலோசகர் வேலைக்கு மாஸ்டர்ஸ் இருந்தால் நல்லது என்று இருக்கும், பல இடங்களில் உயர்கல்வி நிர்வாகமோ கவுன்சலிங்கோ எதுவாக இருந்தாலும் சரி என்று இருக்கும். ஆனால் அலுவலக அனுபவம் எத்தனை வருடம், வெளிநாட்டில் படித்தோ வேலை பார்த்தோ இருக்கிறீர்களா என்பதில் அவர்கள் தளர்வாக இருக்க மாட்டார்கள்.

இங்கேதான் பெரிய பெயர் ஏமாற்றுகிறது. சட்டத்திலும் எம்பிஏவிலும் கல்லூரிப் பெயரே வேலை வாங்கித் தரும். இந்தத் துறையில் அந்த அளவுக்குக் கிடையாது, சம்பளமும் அதற்கேற்ப ஏறாது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கில் கிரெடிட் ஒன்றுக்கு 2,000 டாலர் என்று வைத்தால் 32 கிரெடிட்டுக்கு 64,000. வீட்டு வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 2,500 என்று சிக்கனமாக எடுத்தாலும் 18 மாதத்துக்கு 45,000. மொத்தம் 1,09,000 டாலர். இதைக் கட்டிவிட்டு முதல் வேலையில் வாங்கப்போவது வரிக்கு முன் ஆண்டுக்கு 50,000 டாலரைச் சுற்றித்தான். வேலை தொடங்கும் ஊரும் அதே விலைவாசி ஊராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் செய்யும் தவறு, அண்ணனோ அக்காவோ படித்த காலத்துக் கடன் விதியை நம்புவது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. கல்வித் துறை மாஸ்டர்ஸுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தமாக 1,00,000 டாலர் வரைதான். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்குத்தான் அதிக வரம்பு. ஆக மேலே சொன்ன கணக்கில் இரண்டு கல்வியாண்டுக்கு 41,000 அரசிடம் வாங்கினால் மீதி 68,000 தனியார் கடன். அரசு வேலையிலோ தொண்டு நிறுவன வேலையிலோ இருப்பவர்களுக்குப் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி இருக்கிறதே, பல்கலைக்கழக வேலை அதற்குத் தகுதியானதுதானே என்பார்கள். அரசு அல்லது லாப நோக்கமற்ற பல்கலைக்கழகம் என்றால் தகுதியானதுதான், அங்கே வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடியாகும், ஆனால் அது மத்திய அரசுக் கடனுக்கு மட்டும். தனியார் கடனில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி ஆகாது. வட்டி குறைகிறதே என்று அரசுக் கடனைத் தனியாரிடம் ரீஃபைனான்ஸ் செய்தாலும் அதே கதிதான்.

சரி, அப்படியானால் எப்படித்தான் படிப்பது? கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப். என் கணக்கில் இந்தத் துறையில் மதிப்புள்ள ஒரே ஆஃபர் கடிதம் அதுதான். வாரம் 20 மணி நேரம் வேலை, பதிலுக்குக் கட்டண விலக்கும் சிறு சம்பளமும். அந்த வேலை ஸ்டடி அப்ராட் அலுவலகத்திலேயே அமைந்தால் விளம்பரங்கள் கேட்கும் அனுபவமும் கையோடு வந்துவிடும். பெயர் அதிகம் தெரியாத மாநிலப் பல்கலைக்கழகத்தில் இது கிடைத்தால், பாதி ஸ்காலர்ஷிப் தரும் பிரபலமான இடத்தைவிட இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள், அதில் இல்லாததைத்தான் தேட வேண்டும். விலக்கு முழுக் கட்டணத்துக்கா, இல்லை வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கட்டும் பகுதிக்கு மட்டுமா? மருத்துவ இன்சூரன்ஸும் மாணவர் கட்டணங்களும் யார் தலையில்? ஒன்பது மாதச் சம்பளம் என்றால் கோடையில் வாடகைக்கு என்ன வழி? இரண்டாம் வருடம் தானாகத் தொடருமா, திரும்பப் போட்டி போட வேண்டுமா? ‘பெரும்பாலும் தொடரும்’ என்று தொலைபேசியில் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் பக்கமோ வேறு அலுவலகமோ வேலை பார்ப்பவர்கள் அதை விட்டுவிட்டு முழுநேர மாணவராகச் சேர்வது எனக்குப் புரிவதே இல்லை. ஊழியர்களுக்குக் கட்டணச் சலுகை பல இடங்களில் இருக்கிறது, பகுதிநேரமாக மெல்லப் படிக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மாஸ்டர்ஸ் படிப்புக்கு முதலாளி தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேல் போவது பொதுவாக வருமானமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும், திடீரென்று ஒரு மாதம் சம்பளம் குறைந்து வரும்போது அதிர்ச்சி அடையாதீர்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டமான பீஸ் கோர் முடித்தவர்கள், அவர்களுக்கென்றே உள்ள கவர்டெல் ஃபெல்லோஷிப் தரும் பல்கலைக்கழகங்களை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போக நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கல்லூரிகள் தாமாக முன்வந்து சொல்வதில்லை. ‘நானே வெளிநாட்டு மாணவன், என்னைப் போன்றவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்குப் போவேன்’ என்பது விண்ணப்பக் கட்டுரையில் அழகாக இருக்கும். ஆனால் அந்த விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வழங்கும் கல்லூரி அதிகாரியாக, அதாவது டிஎஸ்ஓவாக, அமெரிக்கக் குடிமகனோ நிரந்தர வசிப்பாளரோ மட்டும்தான் இருக்க முடியும் என்பது மத்திய அரசு விதி. பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான ஜே-1 விசா பக்கத்திலும் அதே கதை. வெளிநாட்டு மாணவர் ஆலோசகர் பணிகளில் பெரும்பகுதி இந்தப் பொறுப்போடு வருபவை, ஆகவே அந்தக் கதவு உங்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கும். அப்புறம், படித்து முடித்தபின் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். எஜுகேஷனல் டெக்னாலஜி, கல்வி மதிப்பீட்டு ஆய்வு போன்ற சில கல்விப் பிரிவுகள் ஸ்டெம் என்ற அறிவியல், தொழில்நுட்பப் பாடப் பட்டியலில் இருப்பதால் 24 மாதம் நீட்டிப்பு உண்டு, ஒப்பீட்டுக் கல்வியின் வழக்கமான பாடக் குறியீட்டுக்கு (சிஐபி) அது இல்லை. சேருவதற்கு முன் உங்கள் படிப்பின் சிஐபி குறியீடு என்ன என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ரூபாயில் கடன் வாங்கி டாலரில் கட்டுபவர்கள் இரண்டாம் வருடக் கட்டணத்தை இன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிடுவதும் ஆபத்து.

அமெரிக்காவையே பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு தவறுதான். ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் யுசிஎல்லிலும் இந்தத் துறை மாஸ்டர்ஸ் ஒரே வருடம். அரை வருடமோ ஒரு வருடமோ வாடகையும் சம்பள இழப்பும் மிச்சம், ஆனால் அசிஸ்டன்ட்ஷிப் வழக்கம் அங்கே இல்லை, படிப்புக்குப் பின் தங்கும் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. உயர்கல்வி நிர்வாகம் பக்கம் ஆர்வம் என்றால் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் ஒன்றான, ஐரோப்பாவின் மாரிஹேயைப் பாருங்கள். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் வரும்.

படிப்பே தொடர்ந்து இருக்குமா என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்தத் துறையில் பேர்போன, கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் உள்ள கல்வி நிறுவனத்தில், அதை நடத்தும் மிடில்பரி கல்லூரி தன் பட்டமேற்படிப்புகளை மூடுவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டதில் வளர்ச்சித் துறை கல்வி வேலைகள் நிறையக் காணாமல் போயின, அனுபவசாலிகளும் இப்போது உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். 2025 இலையுதிர் பருவத்தில் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்கள் 17 சதவீதம் குறைவு என்று, வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையைத் திரட்டும் ஐஐஇ அமைப்பின் கணக்கு சொல்கிறது. பல்கலைக்கழக அலுவலகங்களின் பட்ஜெட் அந்தக் கட்டணத்தில் ஓடுவது. போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் துறை வேலையில் இருக்கிறார்கள், யார் யாரிடம் பேசலாம் என்று கேளுங்கள். பெயர் தர மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அவசரம். முன்பணம் கட்ட மார்ச் மாதமே கெடு வைத்து மிரட்டும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் பட்டமேற்படிப்புக் கல்லூரிகள் சேர்ந்து ஏற்ற ஒரு தீர்மானம் இருக்கிறது: கையெழுத்திட்ட நிறுவனம் நிதியுதவியோடு தரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொரு இடத்தின் கடிதத்தை இணைத்து, இங்கேதான் வர விருப்பம், இடைவெளி இத்தனை டாலர், குறைக்க முடியுமா என்று நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்டதற்காகச் சீட்டைப் பறித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை, சில நேரம் ஐந்தாயிரம் டாலர் கூடவே வரும்.