உதவி பண்ணப் போறீங்களா? வாங்குறவங்களுக்கு ஆகுற செலவ முதல்ல கணக்கு போடுங்க

யாருக்காச்சும் உதவணும்னு ஒரு தொகை எடுத்து வச்சிருக்கீங்க, அஞ்சாயிரமோ அம்பதாயிரமோ, அத எப்படி குடுத்தா அந்த ஆளுக்கு நெஜமாவே பிரயோஜனப்படும்ங்கிறதுதான் இங்க விஷயம். நம்ம ஆளுக பொதுவா தன் கையில இருந்து எவ்ளோ போகுதுனுதான் பாப்பாங்க, ஓசியில வாங்குறதுக்கும் செலவு ஆகும்னு யாரும் யோசிக்கிறதே இல்ல.

இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. 1976ல டாக்டர் வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. கிராமத்துல கேம்ப் போட்டு, கண்ணு புரை இருக்கு, ஆபரேஷன் ஃப்ரீ, வாங்கன்னு சொல்லிட்டு வந்தா, நெறைய பேரு வரவே இல்ல. ஏன்னா ஆபரேஷன்தான் ஃப்ரீ, பஸ் காசு ஃப்ரீ இல்ல, சாப்பாடு ஃப்ரீ இல்ல, கூட வர்ற மகனுக்கோ மகளுக்கோ கூலி போகுது, ஆட்டையும் மாட்டையும் யாரு பாக்குறது, இதெல்லாம் போக பயம் வேற. அப்புறம் கேம்ப்லேர்ந்தே பஸ்ல கூட்டிட்டு வந்து, சோறு போட்டு, தங்க வச்சு, திரும்ப ஊர்ல கொண்டு போய் விடுற மாதிரி மாத்துன பிறகுதான் ஜனம் வந்துச்சு. நீங்க எந்த உதவி பண்ணாலும் இந்தக் கணக்க முதல்ல போட்ருங்க: அத வாங்க அவங்க எத்தன மணி நேரம் செலவழிக்கணும், எவ்ளோ கூலி போகும், யார் முன்னாடி கைய நீட்டி நிக்கணும்.

மண்டபத்துல நலத்திட்ட விழானு போடுவாங்க பாருங்க, அதுல இது பச்சையா தெரியும். பத்து மணிக்குனு டோக்கன் குடுப்பாங்க, சிறப்பு விருந்தினர் வர்றப்ப பன்னெண்டு தாண்டிரும், அப்புறம் சால்வை, பேச்சு, போட்டோ. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லி எடுக்கப் போற அக்காமாருக்கு விடியுறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிரும், எடுத்த பூவுக்குத்தான் கூலி, காலையில போகலைனா அன்னைக்கு காசு இல்ல. கூலிய விட்டுட்டு வந்து உக்காந்து அஞ்சு கிலோ அரிசி வாங்கிட்டுப் போனா அது உதவியா, நீங்களே சொல்லுங்க. விழாதான் வைக்கணும்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைங்க, இல்லைனா மேடையே வேணாம், வீட்ல கொண்டு போய் குடுத்துட்டு வந்துருங்க, போட்டோ எடுக்காம.

அரிசினு சொன்னதால இதையும் சொல்லிறேன். தமிழ்நாட்டு ரேஷன்ல அரிசி 2011லேர்ந்து ஓசிதான், பருப்பும் பாமாயிலும் கம்மி ரேட்டுக்கு கிடைக்குது. நீங்க கொண்டு போற அரிசி பல வீட்ல ரெண்டாவது மூட்டையா போய் மூலையில கிடக்கும், இல்ல மாவு மில்லுக்குப் போகும். மாசக் கடைசியில உண்மையிலேயே இடிக்கிறது எதுனா கேஸ் சிலிண்டர், மாத்திரை, சோப்பு, போன் ரீசார்ஜ், பிள்ளைக்கு ஆட்டோ காசு. கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், புக்கு, நோட்டு, பை, யூனிஃபார்ம் எல்லாம் அரசே குடுக்குது, காலை சாப்பாடு திட்டத்த 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி ஸ்கூல்லதான் ஆரம்பிச்சாங்க. அப்புறமும் ஜூன் மாசம் ஆனா எல்லாரும் நோட்டு வாங்கிட்டுப் போய் நிக்கிறாங்க. பன்னெண்டாவது முடிச்சிட்டு காலேஜ் சேர்ற பிள்ளைக்கு ஹாஸ்டல் அட்வான்ஸ், மெஸ் காசு, ரெண்டு செட் துணி, ஒரு பெட்டினு மொத்தமா வந்து நிக்கும், அங்கதான் ஆளே இருக்க மாட்டாங்க.

சரி, எது வேணும்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? கேளுங்க, அவ்ளோதான். ஆனா "உங்களுக்கு என்ன வேணும்"னு நேரா கேட்டா "நீங்க பாத்து எது குடுத்தாலும் சரிங்கண்ணே"ம்பாங்க, மரியாதைக்கு வேற என்ன சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா "போன மாசம் எதுக்குக்கா கடன் வாங்குனீங்க"னு கேட்டுப் பாருங்க, பதில் பொலபொலனு வரும், உங்க உதவி எங்க போகணும்னு அதுலயே தெரிஞ்சிரும்.

என் கருத்த கேட்டா, பெரும்பாலும் காசா குடுக்குறதுதான் நல்லது. உடனே எல்லாரும் சொல்றது, காசு குடுத்தா டாஸ்மாக்குக்குத்தான் போகும்னு. கென்யாவுல கிவ்டைரக்ட்லினு ஒரு அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாம போன் வழியா பணம் அனுப்புனாங்க, நம்ம ஜிபே மாதிரி. அத ஹவுஸோஃபர், ஷாபிரோனு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு பண்ணி 2016ல வெளியிட்டாங்க, சாப்பாட்டுச் செலவு கூடியிருந்துச்சு, ஆடு மாடு வாங்கியிருந்தாங்க, கூரைக்கு தகரம் போட்டிருந்தாங்க, குடிக்கும் புகையிலைக்கும் ஆகுற செலவு கூடவே இல்ல. உலக வங்கி ஆளுங்க பல நாட்டு ஆய்வுகள சேர்த்து வச்சுப் பாத்தப்பயும் இதேதான் வந்துச்சு. பாத்திரமறிஞ்சு பிச்சை போடுனு சொல்லிட்டு வாங்குறவன மட்டும் துருவித் துருவி பாக்குறோம், குடுக்குற பொருள யாரு பாக்குறா? வீட்ல ஒருத்தர் குடிக்கிறாருனு தெரிஞ்சா அந்த வீட்டு அக்கா பேர்ல உள்ள அக்கவுண்ட்ல போடுங்க, முடிஞ்சது.

காசு வேலைக்கு ஆகாத நேரமும் இருக்கு. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம் வந்தப்ப கடையே தண்ணிக்குள்ள, கரண்ட் இல்ல, ஏடிஎம் இல்ல, காசை வச்சு என்ன பண்றது. அப்ப குடிதண்ணி, பிஸ்கட், மெழுகுவத்தி, நாப்கின், கொசுவத்தி இதுதான் போகணும். வண்டியில ஏத்திட்டுப் போறவங்க மெயின் ரோட்டுல மொத ஊர்லயே இறக்கிட்டு திரும்பிராதீங்க, உள்ள இருக்குற ஊர்ல ஒருத்தர் நம்பர் வாங்கி வச்சுக்கிட்டு போங்க. கடை தொறந்துருச்சுனா அதோட பொருள நிறுத்திட்டு காசுக்கு மாறிருங்க. பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம், 2004 சுனாமி அப்ப நாகப்பட்டினத்துல வந்த பழந்துணிய யாரும் எடுக்காம ரோட்டோரமா குவிஞ்சு கிடந்துச்சு. பால் பவுடரும் அப்படித்தான், சுத்தமான தண்ணி இல்லாத இடத்துல கைக்குழந்தைக்கு அதக் கரைச்சுக் குடுத்தா வயித்தால போய் ஆபத்தாயிரும், யுனிசெஃப்பே பால் பவுடர் நன்கொடையா அனுப்பாதீங்கனுதான் சொல்லுது.

காசே குடுக்காம பண்ற உதவி ஒண்ணு இருக்கு, எனக்கு இதுமேலதான் ரொம்ப நம்பிக்கை. ஆபரேஷனுக்கு பணம் வேணும்னு ஒருத்தர் வந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கானு கேளுங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் அதுல பாக்கலாம். இல்லைனா ஒரு நாள் லீவு போட்டு அவங்கள கலெக்டர் ஆபீசுக்கு கூட்டிட்டுப் போங்க, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார்னு அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறதுக்கு கூட ஒரு படிச்ச ஆளு நின்னா வேலை சட்டுனு நடக்கும். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷனும் இப்படித்தான், பேப்பர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குறதால வருஷக்கணக்கா வாங்காம இருக்குறவங்க இருக்காங்க.

மானஸ்தங்க கைநீட்டி வாங்க மாட்டாங்க. அவங்களுக்கு மொய்தான் வழி. உசிலம்பட்டி பக்கம் காதுகுத்து வச்சு மொய் பிரிச்சு கடன அடைச்சவங்க எத்தன பேரு, நோட்டுல பேரும் ஊரும் தொகையும் எழுதியாச்சுனா அது தர்மம் இல்ல, நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு அவங்க திரும்பச் செய்யப் போற கணக்கு. ஆயிரத்து ஒண்ணுக்குப் பதிலா பத்தாயிரத்து ஒண்ணு எழுதிட்டு வாங்க. ஆனா பெரிய தொகை எழுதுனா திருப்பிச் செய்யுற பாரமும் பெருசாயிரும், அதனால அளவு பாத்துக்கங்க.

குடுத்து மூணு மாசம் கழிச்சு ஒரு எட்டு போய் பாருங்க. உபயோகமா இருந்துச்சானு கேக்காதீங்க, இருந்துச்சுனுதான் சொல்லுவாங்க. கண்ணால பாருங்க. தையல் மெஷின் குடுத்த வீட்ல மெஷின் மேல டிவி உக்காந்திருக்கும், பெல்ட்டு அறுந்து தொங்கும், மதுரை விளக்குத்தூண் கடைவீதியில ரெடிமேட் நைட்டி கிடைக்கிற விலைக்கு அந்தக்கா கூலி வாங்கி தைக்கவே முடியாதுனு அங்க போனாத்தான் புரியும். அடுத்த ஆளுக்கு மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி, தைக்க ஆர்டர் யாரு தருவானு கேட்டு முடிச்சிட்டு வாங்குங்க.

டிரஸ்ட் மூலமா குடுக்குறவங்க அந்த டிரஸ்டுக்கு 80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில கழிவு கிடைக்கிற பதிவு, இருக்கானு பாத்துக்கங்க, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தக் கழிவு கிடைக்காது, செக் இல்ல யுபிஐ போடுங்க, வருஷக் கடைசியில அந்தக் கழிவுக்கான நன்கொடை சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க. புது வரி முறையில இருந்தா இந்தக் கழிவே கிடையாது.