நியூயார்க்கில் பாகுபாடு நடந்தால்: ஓராண்டுக்குள் புகார் கொடுங்கள்

பெயரைச் சொன்னதுமே வாடகை வீடு "முடிந்துவிட்டது" என்பார்கள். வேலையில் மேலாளர் நம் உச்சரிப்பைத் தினமும் கேலி செய்வார். "வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு" என்று நாமும் வாயை மூடிக்கொள்வோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மனம் துணிந்து விசாரித்தபோது புகார் கொடுக்கும் காலம் முடிந்திருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

நியூயார்க் நகரத்துக்கென்றே மனித உரிமை ஆணையம் ஒன்று இருக்கிறது. வேலை, வீடு, கடை, உணவகம், மருத்துவமனை என எங்கே பாகுபாடு நடந்தாலும் விசாரிக்கும். நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், மாற்றுத்திறன், கர்ப்பம் எல்லாம் இதில் அடங்கும். 2023 முதல் உயரமும் எடையும்கூட.

சரி, விசாவுக்கு ஆபத்து வராதா? எல்லோருக்கும் வருகிற பயம் இது. குடியேற்ற நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதையே இந்த நகரச் சட்டம் தடுக்கிறது. "குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன்" என்று ஒருவரை மிரட்டித் துன்புறுத்துவதும் குற்றம்தான். வேண்டுமென்றே செய்தவர்களுக்கு 2,50,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் அது தனிக் குற்றம்.

நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆணையத்திடம் போக வேண்டும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு மூன்றாண்டு. வேலை தொடர்பான புகார் என்றால், பொதுவாக நான்கு பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு அந்தக் கணக்கு இல்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இல்லை, ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் சட்டம் பொருந்தும்.

நகர அரசின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து மனித உரிமை ஆணையம் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன்னால், இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, யார், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து நினைவு ஏமாற்றும், நோட்டு ஏமாற்றாது.

அப்புறம், இந்த ஆணையத்தின் எல்லை நகரத்தின் ஐந்து பகுதிகளோடு சரி. எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ நடந்ததற்கு நியூ ஜெர்சி மாநிலத்தின் சிவில் உரிமைகள் பிரிவிடம் (Division on Civil Rights) போக வேண்டும். அங்கே 180 நாள்தான்.