கம்பெனி நடிகரின் மேடை வாழ்க்கையை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் நடித்தவர்களைப் பற்றி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் கட்டுரைகளும் சிறு நூல்களும் எழுதிவருகிறார்கள். வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆயினும் இவற்றில் சில பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேரும் ஒன்றாகவே இருக்கிறது: நடிகரைத் தனிமனிதராகப் பிரித்தெடுத்து எழுதிவிட்டு, கம்பெனியை அவருடைய வாழ்க்கையில் வந்துபோன ஓர் இடமாக மட்டும் காட்டுவது. அக்காலத்துக் கம்பெனி நடிகருக்கு வேடத்தையும் சம்பளத்தையும் சாப்பாட்டையும் போகும் ஊரையும் முடிவுசெய்தது கம்பெனியே. அதன் நடைமுறை தெரியாமல் அவருடைய மேடை வாழ்க்கையைச் சரியாக எழுத முடியாது.

முதல் தவறு, நாடகத்தில் நடித்தவர் என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறுபட்ட தொழில்முறைகளைக் கலந்துவிடுவது. கம்பெனி என்பது சிறுவர்களைப் பெற்றோரிடம் ஒப்பந்தம் பேசிச் சேர்த்து, கம்பெனி வீட்டிலேயே தங்கவைத்து, வாத்தியாரைக் கொண்டு பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து, கைவசமுள்ள நாடகங்களை மாற்றி மாற்றிப் போட்டு, வசூல் குறைந்ததும் சீன்களையும் (காட்சி வரைந்த திரைகளையும்) உடுப்புப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகரும் அமைப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவும் இவ்வகையின. ஸ்பெஷல் நாடகமோ இதற்கு நேர்மாறானது. அதில் ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண்வேடம்), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால்தான் இது நடந்தது. அந்தப் பாடங்களில் பலவற்றை எழுதியவரும் சங்கரதாஸ் சுவாமிகளே. மூன்றாவது வகை சபா, அதாவது ஆர்வலர்கள் கூடி நாடகம் போடும் சங்கம். மேலே சொன்ன கம்பெனிகளின் பெயர்களிலும் சபை, சபா என்று வருவதால் குழம்பவேண்டாம். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆர்வத்துக்காக மேடையேறியவர்கள். முதலியாரே வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியானவர்.

இந்த மூன்றையும் கலந்துவிட்டால் என்ன கெடும் என்று கேட்கலாம். கிட்டத்தட்ட எல்லாமே கெடும். ‘மனோகரா’ சபாவுக்கென எழுதப்பட்ட நாடகம், ஆனால் கம்பெனிகளும் அதை நடத்தின. ஆகவே ஒருவர் ‘மனோகரா’வில் நடித்தார் என்ற குறிப்பை மட்டும் கொண்டு அவரைச் சபா நடிகர் என்று எழுதிவிட முடியாது. எஸ். ஜி. கிட்டப்பா கண்ணையா கம்பெனியின் ‘தசாவதார’த்தில் பரதனாகப் பாடியது ஒரு வகைத் தொழில், பின்னாளில் கே. பி. சுந்தராம்பாளுடன் ஸ்பெஷல் நாடகங்களில் பாடியது வேறு வகைத் தொழில். முதலாவதில் நாடகம் எப்படி அமையவேண்டும் என்பது கம்பெனிக்காரரின் கையில் இருந்தது. இரண்டாவதில் அது பெருமளவுக்கு நடிகரின் குரலையும் சமயோசிதத்தையும் சார்ந்திருந்தது. விடுதலைப் போராட்டப் பாடல்களை மேடையில் பாடி மீண்டும் மீண்டும் சிறை சென்ற விசுவநாததாஸ், கதைக்கு வெளியே வந்து தாம் நினைத்த பாட்டைப் பாட முடிந்ததற்கும் ஸ்பெஷல் நாடகத்தின் இந்தத் தளர்வான அமைப்பு பெரிதும் இடம்கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது, வேடங்களைத் தரவரிசையாக எண்ணிக்கொள்வது. ராஜபார்ட் என்றால் உயர்வு, ஸ்திரீபார்ட் என்றால் ஏதோ சிறுவயதில் செய்த, சற்று மறைத்துச் சொல்லவேண்டிய வேலை என்ற எண்ணம் குடும்பத்தார் எழுதும் குறிப்புகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. பெண்கள் இல்லாத கம்பெனியில் நல்ல குரலும் முகவெட்டும் உள்ள ஸ்திரீபார்ட் சிறுவன்தான் வசூலைத் தாங்கியவன். பிற்காலத்தில் சிவாஜி கணேசன் என்று அறியப்பட்ட வி. சி. கணேசனும் பெண்வேடம் போட்டுத்தான் வளர்ந்தார். வயதாகிவிட்டால் பெண்வேடம் முடிந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. டி. கே. எஸ். சகோதரர்களுள் ஒருவரான டி. கே. சண்முகம் நன்கு வளர்ந்த பின்னர் 1940-களில் கிழவி வேடமிட்டு நடித்த ‘ஔவையார்’ நாடகமே அவருடைய பெயருக்கு முன்னால் ஔவை என்ற அடையைச் சேர்த்தது.

இதையொட்டி வரும் பிழையே எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடைந்ததும், அதாவது சிறுவயதுக் குரல் மாறியதும், சிறுவனின் பெயர் நோட்டீசுகளிலிருந்து காணாமற்போகும். எழுதுபவர்கள் உடனே அவர் நாடகத்தை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, அடுத்த சில ஆண்டுகளைத் தாவிச் சென்றுவிடுகிறார்கள். சிலர் உண்மையாகவே விலகினார்கள். பாய்ஸ் கம்பெனியில் பாடிப் பெயர்பெற்ற பி. யு. சின்னப்பா குரல் உடைந்த பின் கம்பெனியை விட்டுப் போனவர்தான். ஆனால் கம்பெனியிலேயே தங்கியவர்களும் உண்டு. அவர்கள் பாட்டில்லாத வேடங்களுக்கு மாறினார்கள், சீன் இழுத்தார்கள், திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தார்கள், புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பாடம் சொல்லிவைத்தார்கள். கட்டியங்காரன், காவலாளி, மந்திரி என்று ஓர் இரவில் மூன்று வேடம் போட்டவர்களின் பெயரை எந்த நோட்டீசும் அச்சிடவில்லை. குரல் உடைந்த ஆண்டுகளைத் தொழிலுக்கு வெளியே வைத்து எழுதினால், ஒரு சிறுவன் எவ்வாறு நடிகனானான் என்ற முக்கியமான பகுதியே விடுபட்டுப்போகும். பாட்டை இழந்தவனுக்கு எஞ்சியிருந்தது நடிப்பு மட்டும்தானே.

காலத்தைக் கணிப்பதில் நேரும் தவறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் நோட்டீசுகளை அளவுக்குமீறி நம்புவது. பழைய நாடக நோட்டீசுகளும் கொட்டகையில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் சில வீட்டுப் பெட்டிகளிலும் கிடைக்கின்றன. கிழமையும் தேதியும் மட்டும் அச்சிட்டு ஆண்டைக் குறிப்பிடாமல் விட்ட நோட்டீசுகள் உண்டு. மறுநாள் குப்பைக்குப் போகும் தாளில் ஆண்டு எதற்கு என்று அச்சுக்கூடத்தார் நினைத்திருக்கலாம். கிழமையை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று துணிவது ஆபத்தானது. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை என்று ஒரு நோட்டீசில் இருந்தால், அது 1925, 1931, 1936, 1942 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். தமிழ் வருடத்தின் பெயரும் அச்சாகியிருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும், ஏனெனில் 1936 தாது வருடம், 1942 சித்திரபானு, இவை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் வரும். வருடப் பெயரும் இல்லையெனில் கொட்டகையின் பெயர், டிக்கெட் விலை, உடன் நடித்தவர்கள், அச்சுக்கூடத்தின் முகவரி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடையில் என்று மட்டும் எழுதுவதே நேர்மை. மேலும், நோட்டீசு ஓர் அறிவிப்பே தவிர, நடந்ததற்குச் சாட்சி அன்று. அன்றிரவு மழை பெய்திருக்கலாம், அல்லது பெரிய நடிகனுக்குத் தொண்டை கட்டி, அந்த வேடத்தின் பாடம் தெரிந்த வேறொரு பையன் மேடையேறியிருக்கலாம். ஒவ்வொரு வேடத்துக்கும் பாடம் தெரிந்த இன்னொருவனை ஆயத்தமாக வைத்திருப்பது கம்பெனிக்கு வழக்கமான முன்னெச்சரிக்கைதான்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். மதுரை என்ற முன்னொட்டு பல இடங்களில் கம்பெனி பிறந்த ஊரைக் குறிக்கிறது, நடிகர் பிறந்த ஊரையன்று. ராஜமாணிக்கம் பக்த ராமதாஸ் நாடகத்தில் ஏற்ற வேடத்தினால்தான் நவாப் ஆனார், கணேசன் 1940-களின் நடுவில் அண்ணாதுரையின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த பின்னரே சிவாஜி ஆனார். ஆகவே அதற்கு முந்தைய தாள்களில் இப்பெயர்களைத் தேடிப் பயனில்லை.

திரைப்படத்தை அளவுகோலாகக் கொள்வது இன்னொரு பரவலான பழக்கம். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் நாடகம் மங்கி, நடிகர்கள் எல்லாரும் படத்துக்குப் போய்விட்டதாக ஒரு கதை நிலைத்துவிட்டது. நடந்தது அவ்வளவு எளிதன்று. டி. கே. எஸ். சகோதரர்கள் 1935-இல் ‘மேனகா’ படத்தில் நடித்துவிட்டு மீண்டும் நாடகம் நடத்தவே திரும்பினார்கள். எம். ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ 1954-இல் படமாவதற்கு முன்பும் மேடையில் நடந்தது, படம் வந்த பின்பும் நடந்தது. படத்தைப் பார்த்துவிட்டு மேடையில் அவர் இப்படித்தான் நடித்திருப்பார் என்று வருணிப்பதும் தவறே, ஏனெனில் அன்றன்றைய செய்திகளையும் முன்வரிசைக்காரர்களையும் இழுத்துப் பேசிய அவருடைய மேடைப் பேச்சு ஒவ்வோர் இரவும் மாறக்கூடியது, படத்தில் உறைந்திருப்பது அதன் ஒரு வடிவம் மட்டும். படத்தில் நடிக்காத நடிகரைப் பற்றி எழுதும்போது, வாய்ப்புக் கிடைக்காதவர் என்று இரக்கத்துடன் முடிப்பதையும் விட்டுவிடலாம். முப்பது ஆண்டுகள் மேடையில் சம்பாதித்துக் குடும்பம் நடத்தியவருக்கு அந்த இரக்கம் தேவையில்லை.

தன்வரலாறுகளைப் பயன்படுத்தும்போது ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். அபிமன்யு கதையை நான்கு மணி நேர நாடகமாகச் சங்கரதாஸ் சுவாமிகள் ஓர் இரவில் எழுதி முடித்ததாக டி. கே. சண்முகம் பதிவுசெய்திருக்கிறார். நேரில் இருந்தவரின் சொல் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆயினும் அப்போது அவர் சிறுவர் என்பதும், எழுதும்போது முதியவர் என்பதும், தம் ஆசிரியரான சுவாமிகள்மேல் பெரும் பக்தி கொண்டவர் என்பதும் சேர்ந்தே அந்தப் பதிவை உருவாக்கியிருக்கின்றன. அதை அவர் கூறியதாகவே எழுதவேண்டும். கம்பெனிகளை நடத்தியவர்களும் புகழ்பெற்றவர்களும் எழுதிய நூல்களில் கட்டுப்பாடும் குருபக்தியும் நிறைய இருக்கும். அடி தாங்காமல் இரவில் சுவரேறிக் குதித்து ஊருக்கு ஓடிப்போன பையன்களின் தரப்பு அவற்றில் இருப்பதே அரிது, இருந்தாலும் வேடிக்கைக் கதையாகவே இருக்கும். அவர்களில் நூல் எழுதியவர்கள் அரிது. உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி ஓடிவந்தவர் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால், அதைக் குறையாக எண்ணி நீக்கிவிடாமல், யார் சொன்னது, எந்தக் கம்பெனி, எந்த முகாம், வீட்டுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததா, ஓடிவந்த பின் ஒப்பந்தப் பணத்தைத் திருப்பித் தரவேண்டியிருந்ததா என்பவற்றையெல்லாம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.